லேடாங் மலைப் புத்திரியும் தமிழர் கண்ட அணங்கும்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், தங்காக் நகருக்கு அருகே, 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது குனோங் லேடாங். தீபகற்பத்தின் பெரிய மலைகளோடு வைத்து எண்ணினால் இது நடுத்தரமான மலையே. ஆயினும் சுற்றுப்புறம் தாழ்ந்த நிலமாதலின், தொலைவில் நின்று நோக்குவோர்க்கும் அதன் நீல முகடு தனித்துத் தெரியும். மலாக்கா நீரிணையில் பாய்விரித்து வந்த மாலுமிகளுக்கு அது நல்லதோர் அடையாளமாய் இருந்தது. ஐரோப்பியர் அதனை ஓபிர் மலை என்றனர். சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்த நாடாக விவிலியம் கூறும் ஓபிரின் பெயரே அது. அம்மலையைச் சுற்றிப் பொன் தோண்டியவரும் உண்டு. ஆனால் மலாய் மக்கள் அம்மலையை நினைக்கும்போது பொன்னை நினைப்பதில்லை. அங்கு வாழும் புத்திரியை நினைக்கிறார்கள்.

புத்திரி குனோங் லேடாங் என்னும் இந்தத் தெய்வப் பெண்ணைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் இரண்டு மிகவும் அருமையானவை. ஒன்று செஜாரா மெலாயு. 1612-இல் ஜொகூர் அரசவையில் எழுதத் தொடங்கப்பெற்ற வரலாற்று நூல் அது; துன் ஸ்ரீ லானாங் என்னும் பெண்டகாரா அதன் ஆசிரியராகப் போற்றப்படுகிறார். 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. மற்றொன்று மனுவேல் கொடின்யோ டி எரேடியா 1613-இல் போர்த்துகீசிய மொழியில் எழுதிய மலாக்கா விளக்க நூல். எரேடியா 1563-இல் மலாக்காவிலேயே பிறந்தவர். தந்தை போர்த்துகீசியர், தாய் சுலாவேசித் தீவின் பூகிஸ் குலப் பெண். ஒரே மலையைப் பற்றி, ஓராண்டு இடைவெளியில், இரு வேறு மொழிகளில், இரு வேறு சமயத்தார் எழுதி வைத்தனர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். பெண் ஒருத்திதான், முகம் இரண்டு.

எரேடியா காட்டும் முகம் அச்சம் தருவது. மலையிலே ஒரு குகை. அதனுள் அழகிய இளம்பெண்ணின் வடிவில், பட்டும் பொன்னும் அணிந்து, புத்திரி படுத்திருக்கிறாள். அவள் படுத்திருக்கும் கட்டிலோ இறந்த மனிதரின் எலும்புகளால் ஆனது. குகையைச் சுற்றி உயர்ந்த மூங்கில் தோப்பு. அதிலிருந்து இனிய குரலும் குழலோசையும் எழுகின்றன. அதற்கப்பால் பழமரச் சோலை. அதற்கும் அப்பால் அவளைக் காவல் காக்கும் புலிகள் திரியும் காடு. கிரேக்கக் கதைகளில் வரும் மாயக்காரி சர்சியின் பெயரை எரேடியா இங்கே நினைவுகூர்கிறார். வெளியே புலி, நடுவே பழம், பிறகு இசை, உள்ளே எலும்பின்மேல் அழகு: இந்த வரிசையைக் கற்பனை செய்த நாட்டுப்புற மூளையை மெச்சத்தான் வேண்டும்.

செஜாரா மெலாயு காட்டும் முகம் வேறு. மலாக்காவின் கடைசிச் சுல்தான் மகமூது ஷா. 1488-இல் அரியணை ஏறியவர். அவருடைய அரசி இறந்துவிடுகிறாள். துயரில் இருந்த மன்னரிடம் பெரியோர்கள், எந்த நாட்டு இளவரசி வேண்டும் என்று கேட்கின்றனர். மற்ற மன்னர்களுக்கும் இளவரசியர் கிடைப்பார்கள். வேறு எந்த மன்னனுக்கும் கிட்டாத ஒருத்தி வேண்டும் என்பது அவர் ஆசை. ஆகவே லேடாங் மலைப் புத்திரியைப் பெண் கேட்கத் தூது செல்கிறது. தூதின் தலைவர் புகழ்பெற்ற ஹங் துவா. அவர் வகித்த கடற்படைத் தலைவர் பதவியின் பெயர் லக்சமணா. இராமனின் தம்பி பெயர் கடல் கடந்து வந்து பதவிப் பெயராகிவிட்டது. ஆனால் மலை உச்சிவரை ஏறியவர் ஹங் துவா அல்லர். வழி கடுமையானது, காற்றும் குளிரும் தாங்க முடியாதவை. துன் மாமாட் என்பவரே சிலரோடு மேலே சென்றார்.

அங்கே மூங்கில்கள் பாடின. மலர்கள் பாடின. பூவும் கனியும் நிறைந்த தோட்டத்தில் நான்கு பெண்கள் இருந்தனர். அவர்களுள் மூத்தவள் செய்தியைக் கேட்டுக்கொண்டு உள்ளே மறைந்தாள். சிறிது நேரம் கழித்து, கூன் விழுந்து, தோல் மடிந்து தொங்கிய கிழவி ஒருத்தி வந்து புத்திரியின் நிபந்தனைகளைச் சொன்னாள். மலாக்காவிலிருந்து லேடாங் மலைக்குப் பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம். ஏழு தட்டு நிறையக் கொசுவின் நெஞ்சம். ஏழு தட்டு நிறைய உண்ணியினும் சிறிய நுண்பூச்சியின் நெஞ்சம். ஒரு சாடி கண்ணீர். ஒரு சாடி இளம்பாக்கின் சாறு. ஒரு கிண்ணம் மன்னரின் இரத்தம். ஒரு கிண்ணம் அவர் மகன் ராஜா அகமதுவின் இரத்தம். அந்தக் கிழவிதான் உருமாறி வந்த புத்திரி என்று சிலர் சொல்வதாகவும் நூல் குறிப்பிடுகிறது.

மலாக்கா நகருக்கும் மலைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அத்தனை தொலைவுக்குப் பொன் வேய்வது எப்படி என்று மாணவர் கேட்பார்கள். கேட்கட்டும். இத்தகைய நிபந்தனைகள் உலக நாட்டுப்புறக் கதைகள் எங்கும் உள்ளவை. ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாடல் ஒன்றில், மாயவீரன் ஒருவன் தையல் இல்லாத சட்டை கேட்கிறான். மணலைக் கயிறாகத் திரிப்பது என்று தமிழில் நாம் சொல்வதும் இந்த இனமே. முடியாததைக் கேட்பது மறுப்பின் நயமான வடிவம். மன்னனிடம் வேண்டாம் என்று சொல்லக் கூடாத காலத்தில், வேண்டாம் என்பதற்கு அதுவே மொழி. செய்தி கேட்ட சுல்தான், மற்ற எல்லாவற்றையும் தேடித் தந்துவிடலாம், இரத்தம் சிந்த மட்டும் மனம் இடம் தரவில்லை என்று சொல்லி ஆசையை விட்டுவிட்டார். செஜாரா மெலாயுவில் இக்கதை இத்துடன் முடிகிறது. உறங்கும் மகன்மீது கிரிஸ் கத்தியை ஓங்கியபோது புத்திரி தோன்றித் தடுத்தாள் என்பது பிற்காலத்து மக்கள் வாய்மொழி.

இங்கே நின்று எண்ண வேண்டிய ஒன்று உண்டு. அதே நூலின் அடுத்துவரும் பக்கங்கள் அதே சுல்தானைப் பற்றி என்ன சொல்கின்றன? பெண்டகாரா துன் முத்தாஹிர் மலாக்காவின் தலைமை அமைச்சர். அவருடைய பாட்டனார் மணி புரிந்தான் தென்னிந்தியாவிலிருந்து வந்த முசுலிம். தமிழ் மரபினர் என்று கருதப்படுபவர். துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமா பேரழகி. அவளைத் தமக்குக் காட்டாமல் வேறொருவனுக்கு மணம் முடித்துவிட்டார் என்ற மனத்தாங்கல் சுல்தானுக்கு. பின்னர்ப் பெண்டகாரா அரசுக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று கோள் சொல்லப்பட்டபோது, 1510-இல் அவரும் அவர் குடும்பத்து ஆடவரும், துன் பாத்திமாவின் கணவரும் கொல்லப்பட்டனர். துன் பாத்திமா அரசியானாள். தந்தையை நினைந்து அவள் ஒருபோதும் சிரித்ததில்லை என்று நூல் கூறுகிறது. அடுத்த ஆண்டே, 1511-இல், மலாக்கா போர்த்துகீசியர் கையில் வீழ்ந்தது. நாடிழந்து அலைந்த காலத்தில், ஆட்சியை ஏற்றிருந்த தம் மகன் அகமதுவையும் சுல்தான் மகமூது கொல்லச் செய்தார். எந்த மகனின் ஒரு கிண்ணம் இரத்தத்தைப் புத்திரிக்காகச் சிந்த மனம் வரவில்லை என்றாரோ, அதே மகனின் உயிர்.

புத்திரியின் கதையை வெறும் மாயக்கதை என்று ஒதுக்குவோர் இந்தப் பக்கங்களைப் படிக்காதவர்களே. நூலை இயற்றிய துன் ஸ்ரீ லானாங் பெண்டகாராக்களின் குடும்பத்தில் வந்தவர். அரசனை நேரே குறை கூறுவது அந்தக் கால மலாய் மரபுக்கு ஏற்றதன்று. ஆகவே, உன் ஆசைக்கு விலை இரத்தம் என்று மன்னனிடம் சொல்ல ஒரு மலையும், அம்மலையில் ஒரு தெய்வப் பெண்ணும் தேவைப்பட்டனர் போலும். மனித நாவுக்கு அஞ்ச வேண்டியதை மாய நா அஞ்சாமல் சொல்லிவிடுகிறது. சிரிக்காத அந்த அரசியின் மகனே பின்னர் 1528-இல் ஜொகூர் அரசைத் தொடங்கிய சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா.

பாடும் மூங்கில்

இரு நூல்களிலும் மூங்கில் பாடுகிறது. மலாய் மொழியில் அதற்குப் பூலோ பெரிண்டு என்று பெயர். ஏங்கவைக்கும் மூங்கில் என்பது பொருள். அதன் சிறு துண்டு கையில் இருந்தால் விரும்பியவரை வசப்படுத்தலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. அதனை விற்பவர்களும் உண்டு. வாங்கியவர்கள் வசப்பட்டார்களா என்பது விற்றவர்களுக்குக் கவலையில்லை.

மூங்கில் பாடுவதில் மாயம் ஒன்றும் இல்லை. வண்டு துளைத்த மூங்கிலில் காற்றுப் புகுந்தால் குழலோசை எழும். தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அகநானூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டொன்றில், அசையும் மூங்கிலின் துளைகளில் கோடைக் காற்று நுழைந்து குழலாகிறது; அருவி முழவாகிறது; மலைச்சாரலே ஓர் ஆடரங்கமாகிறது. லேடாங் மலையில் துன் மாமாட் கேட்டதையும், தமிழக மலையில் கபிலர் கேட்டதையும் பிரிப்பது நோக்கு ஒன்றே. கபிலர் காரணத்தைக் கண்டு அழகைப் பாடினார். துன் மாமாட்டின் கதையைச் சொன்னவர்கள் காரணத்தைத் தெய்வத்திடம் விட்டனர்.

ஆனால் சங்கப் புலவர்கள் எல்லா இடத்திலும் காரணம் கண்டு அமைதி கொண்டவர்கள் அல்லர். மலைபடுகடாம் மலையில் எழும் ஓசைகளைத் தொகுத்துச் சொல்லுமிடத்தில், வானர மகளிர் அருவியில் பாய்ந்து ஆடும் ஓசையையும் சேர்த்துக்கொள்கிறது. அது கூத்தரின் இசைக்கருவி போல் இனிதாக ஒலிக்கிறதாம். திருமுருகாற்றுப்படையில் சூரர மகளிர் மலைச்சோலையில் கூடி, முருகனின் கோழிக்கொடியை வாழ்த்தி ஆடுகின்றனர். அரமகளிர் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வரையர மகளிர், நீரர மகளிர், வானர மகளிர், சூரர மகளிர் என்று இடத்துக்கும் இயல்புக்கும் ஏற்பப் பெயரிட்ட மொழி நம் மொழி. சூர் என்றால் அச்சம். சூரர மகளிர் ஆடுவது கண்ணுக்கு விருந்து. பெயரோ அஞ்சத் தக்கது.

இந்த இரட்டை இயல்பு முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கியது அணங்கு என்பது. அழகிய தெய்வப் பெண் என்றும் பொருள். வருத்தும் ஆற்றல் என்றும் பொருள். வருத்துதல் என்னும் வினையும் அதிலேயே உண்டு. திருக்குறளின் காமத்துப்பால் தகையணங்குறுத்தல் என்னும் 109-ஆம் அதிகாரத்தோடு தொடங்குகிறது. அதன் முதற்குறளில் தலைவன் தான் கண்டது அணங்கோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என மயங்குகிறான். அழகு என்று மட்டும் சொல்லி இந்த இடத்தைக் கடந்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. அழகு மட்டும் என்றால் மயில் போதுமே! அங்கே அணங்கு வருவது, தலைவனின் நெஞ்சில் அச்சமும் கலந்திருப்பதால். அந்தப் பெயரையும் அதிகாரத் தலைப்பையும் சேர்த்து விளக்கினால்தான் மாணவர்க்குக் குறளின் சுவை முழுமையாகக் கிட்டும்.

லேடாங் புத்திரிக்கு நம்மிடையே மிக நெருங்கிய உறவு கொல்லிப்பாவை. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் நின்றதாகச் சங்கப் பாடல்கள் கூறும் பாவை அது. பூதம் ஒன்று அமைத்தது என்கிறது நற்றிணை. காற்று மோதினாலும், மழை விரைந்து பொழிந்தாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் எழில் குன்றாது என்கிறது அதே தொகையின் மற்றொரு பாடல். நெஞ்சை விட்டு அகலாத காதலிக்கு அதனைத் தலைவன் உவமை ஆக்குகிறான். பிற்காலக் கதைகளில் அப்பாவை நடக்கும், சிரிக்கும், சிரிப்பால் மயக்கி வருவோரைக் கொல்லும். எரேடியா சொன்ன எலும்புக் கட்டிலும் கொல்லிப்பாவையின் சிரிப்பும் ஒன்றையே சொல்கின்றன: மலையின் அழகைக் கண்டு போனவன் திரும்பாமலும் போகலாம். காட்டாறும் பாறையும் பனியும் புலியும் உள்ள மலையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எச்சரிப்பது அரிது.

இனி, எல்லா மாயப் பெண்களையும் ஒரே கூட்டத்தில் சேர்ப்பது தவறு. மலைக்கும் நீருக்கும் உரியவளாகத் தொடக்கம் முதலே இருப்பவள் ஒருத்தி. மனிதப் பெண்ணாய்ப் பிறந்து, அநீதியாய் இறந்து, பின் பேயாய் எழுந்தவள் மற்றொருத்தி. பழையனூர் நீலி இரண்டாம் இனம். முற்பிறப்பில் கணவன் கையால் கொல்லப்பட்டவள், மறுபிறப்பில் அவனைத் தொடர்ந்து வந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வழக்காடினாள். அவன் உயிருக்குப் பிணையாய் நின்ற எழுபது வேளாளர் தீப்பாய நேர்ந்தது. மலாய் மக்களின் பொந்தியானாக், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண். அவள் பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய பெண்ணாய் அடங்கி வாழ்வாள். ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேயாவாள். கேரளத்துக் கடமற்றத்துக் கத்தனார் கதையில் யட்சிக்கு நேர்ந்ததும் இதுவே: தலையில் அடித்த ஆணியை, தலைவாரிய பெண் ஒருத்தி அறியாமல் பிடுங்கிவிடுகிறாள். கடல் நடுவே இருந்தும் கதை இத்தனை ஒத்திருப்பது வியப்பு. தமிழ்நாட்டில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கமும் இருந்தது. அவள் இறக்கிவைக்காத சுமையை வழிப்போக்கர் இறக்கிவைக்கிறார்கள். ஆணி அறைவதைவிட இது எவ்வளவு மேலான பரிகாரம்!

முதல் இனத்துப் பெண்கள் மனிதரோடு வாழ வரும்போது நிபந்தனையோடுதான் வருவார்கள். ஊர்வசி புரூரவனிடம் அப்படி வந்தாள். நிபந்தனை மீறப்பட்டதும் போய்விட்டாள். கங்கை சாந்தனுவிடம் தன் செயல் எதையும் தடுக்கக் கூடாது என்று சொல்லி வந்தாள். பிறந்த ஏழு பிள்ளைகளை ஆற்றில் விட்டாள். எட்டாம் பிள்ளையின்போது மன்னன் தடுக்கவே பிரிந்தாள். அந்த எட்டாவது பிள்ளைதான் பீஷ்மர். பிள்ளையின் உயிரைத் தெய்வப் பெண் விலையாய்க் கேட்பதில் கங்கையும் லேடாங் புத்திரியும் ஒத்திருக்கின்றனர். இரு மன்னரும் பிள்ளைப் பாசத்தால் அவளை இழந்தனர் என்று கதை சொல்கிறது. மகமூதுவின் பின்வரலாறு நமக்குத் தெரியும்.

பெயர்களின் வரலாறும் சுவையானது. மலாய் மொழியில் புத்திரி என்பது வடசொல். பிடாடாரி என்பது வித்தியாதரி என்னும் வடசொல்லின் திரிபு. பெரி என்பது பாரசீகம். ஆங்கிலத்தில் வழங்கும் ஃபேரி, ஊழைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சின் வழியே வந்தது. பாரசீகப் பெரியும் ஆங்கில ஃபேரியும் ஒலியால் ஒத்தவை, வேரால் வேறானவை. தமிழில் அதனைத் தேவதை என்று மொழிபெயர்க்கும் வழக்கம் சிறுவர் நூல்களால் நிலைபெற்றுவிட்டது. வெண்சிறகும் நட்சத்திரக் கோலும் தாங்கிய குட்டிப் பெண் அங்கே தேவதை. நம் ஊர்களிலோ தேவதை என்றால் எல்லையில் நின்று பலி ஏற்கும் சிறுதெய்வம். குளக்கரையில் ஏழு கற்களாய் நிற்கும் கன்னிமார். மொழிபெயர்த்தவர்கள் சிறகைச் சேர்த்தார்கள், அச்சத்தை நீக்கிவிட்டார்கள். அரமகள் என்ற அருமையான சொல் கையில் இருக்கத் தேவதையை இழுத்தது தேவையில்லாத வேலை.

உண்மையில் ஐரோப்பாவின் பழைய நம்பிக்கையிலும் ஃபேரி சிறகுள்ள சிறுமி அல்லள். அவர்கள் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். ஆளை நோயில் வீழ்த்துவார்கள். மலைக்குள் அழைத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஸ்காட்லாந்தின் ராபர்ட் கிர்க் என்ற பாதிரியார் அவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1692-இல் அவர் இறந்தபோது, அவர் இறக்கவில்லை, அருகிலுள்ள குன்றுக்குள் அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரார் நம்பினர். அவர்களின் பெயரைச் சொல்ல அஞ்சி நல்ல அண்டைவீட்டார் என்றே அவ்வூர் மக்கள் குறித்தனர். இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. நச்சுப் பாம்பை நல்ல பாம்பு என்றும், கொடிய நோயை அம்மை என்றும் அழைத்தவர்கள் நாம். காட்டுக்குள் போகும் மலாய்க்காரர் புலியின் பெயரைச் சொல்லாமல் வரித்தாத்தா என்ற பொருள்பட டோக் பெலாங் என்பார்கள். இரும்பைக் கண்டால் ஃபேரிகள் அணுகா என்பது அங்குள்ள நம்பிக்கை. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைப்பது இங்குள்ள வழக்கம்.

மலாய்க் காடுகளில் இவர்களுக்கு ஒப்பானவர் ஓராங் புனியான். புஞி என்றால் ஒலி. ஆகவே ஒலியால் மட்டும் அறியப்படுபவர் என்பர். மறைந்திருத்தல் என்னும் பொருளுடைய செம்புஞி என்ற சொல்லோடும் அதனைத் தொடர்புபடுத்துவர். அவர்கள் மனிதரைப் போன்றவர்கள், அழகானவர்கள், வீடும் ஊரும் மணமும் உடையவர்கள்; மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மட்டும் அவர்களுக்கு இல்லை என்றும் சொல்வதுண்டு. காட்டில் வழிதவறியவரைப் புனியான் மறைத்துவிட்டது என்பார்கள்.

இத்தகைய நம்பிக்கை கதையாய் இருக்கும்வரை இனிது. எது கதை, எது நோய் என்ற பகுப்பு மறையும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது. 1895-இல் அயர்லாந்தின் திப்பரேரிப் பகுதியில் பிரிஜித் கிளியரி என்ற இளம்பெண் நோயுற்றாள். கணவன் மைக்கேல் கிளியரி, படுத்திருப்பவள் தன் மனைவி அல்லள், ஃபேரிகள் அவளைக் கொண்டுபோய் வேறொருத்தியை வைத்துவிட்டார்கள் என்று நம்பினான். அவளைத் தீயிட்டுக் கொன்றான். பிறகு மாற்றுருவம் போய் உண்மை மனைவி திரும்பி வருவாள் என்று காத்திருந்தான். நீதிமன்றம் அவனுக்கு இருபது ஆண்டுத் தண்டனை விதித்தது. அந்த நிகழ்ச்சியில் ஃபேரியின் கையால் யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை.

சங்கப் புலவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர் என்பது பெருமைக்குரியது. தலைவி உடல் மெலிகிறாள். அணங்கு தாக்கியது, முருகன் வருத்துகிறான் என்று எண்ணி அன்னை வேலனை அழைக்கிறாள். களம் இழைத்து, ஆட்டை அறுத்து வெறியாட்டு நடக்கிறது. தோழிக்கோ உண்மை தெரியும். மலைநாட்டுத் தலைவனின் பிரிவுதான் நோய். நற்றிணைப் பாடல் ஒன்றில் தோழி முருகனையே நோக்கி, கடவுளாய் இருந்தும் உண்மை அறியாமல் அழைத்த இடத்துக்கு வந்துவிட்டாயே என்று எள்ளுகிறாள். நோய் உண்மை, சொல்லப்பட்ட காரணம் பொய். இரண்டையும் பிரித்துக் காண்பதே அந்தப் பாடல்களின் நுட்பம்.

1970-களில் மலேசியாவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் திடீரெனக் கதறுவதும், ஆவி கண்டதாகச் சொல்வதும், கூட்டமாக மயங்குவதும் நிகழ்ந்தன. வேலை நின்றது, போமோக்கள் அழைக்கப்பட்டார்கள், ஆடு பலியிடப்பட்டதும் உண்டு. மானிடவியலார் ஐவா ஓங் சிலாங்கூரில் ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட நூலில், கடுமையான வேலை ஒழுங்குக்கு எதிராக வாய்விட்டுச் சொல்ல முடியாத பெண்களின் எதிர்ப்பு அது என்று விளக்கினார். வேலனும் ஆடும் அன்னையும் இங்கும் இருக்கிறார்கள். சங்கத் தோழி இடத்தில் ஓர் ஆராய்ச்சியாளர். வகுப்பறையில் ஒரு சிறுமி அலறினால் அவள் கண்டது எது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் நேர்ந்தது எது என்று கேட்கக் கற்றுக்கொடுப்பவை வெறியாட்டுப் பாடல்கள். பாடத்திட்டத்தில் அவற்றை வெறும் துறை விளக்கமாகக் கடந்துபோவது பெரிய இழப்பு.

லேடாங் புத்திரி இப்போது திரையிலும் வாழ்கிறாள். 1961-இல் ஒரு படம் வந்தது. 2004-இல் சாவ் தியோங் ஹின் இயக்கிய படத்தில் அவள் மஜாபாகித் இளவரசி. ஹங் துவாவின் காதலி. எலும்புக் கட்டிலில் கிடந்தவள் காதலுக்காக மலையேறியவளாக மாறியதில் குறையொன்றுமில்லை. கதை காலத்துக்கேற்ப உடுத்துக்கொள்வது இயல்பே. ஆயினும் பழைய கிழவி உருவத்தை இழந்தது ஓர் இழப்புதான். மன்னன் அழகியைத் தேடி ஆள் அனுப்ப, தோல் மடிந்த கூனி வந்து இரத்தம் கேட்பது அல்லவா கதையின் கூர்மை!

அம்மலை இன்று ஜொகூரின் தேசியப் பூங்கா. சாகில் அருவியிலிருந்து மலையேறுவோர் ஆண்டுதோறும் பலர். மலாய்க்காரரிடையே காட்டு விலக்குகள் சில இன்றும் வழங்குகின்றன. மலையில் பெருமை பேசக் கூடாது. கண்டதைச் சுட்டி இது என்ன என்று கேட்கக் கூடாது. இனந்தெரியாத ஓசை கேட்டால் அதற்கு மறுமொழி கொடுக்கக் கூடாது. மூங்கில் ஒலிக்கும்போது, பேசிக்கொண்டே ஏறியவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டு நடப்பார்கள்.